காற்றாலையும் வேண்டும், கானமயிலும் வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் பறவைகளைப் பற்றிப் பேசப் போகும்போது, சில ஆண்டுகளாக ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. சோலாரும் காற்றாலையும் நல்லவைதானே, அப்புறம் ஏன் பறவை ஆர்வலர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்ற சந்தேகம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாமல் போனதையெல்லாம் இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

சோலாரும் காற்றாலையும் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. வேண்டும், வேகமாகவும் வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்தவர் யாரும் அனல்மின்சாரத்துக்கு வக்காலத்து வாங்கமாட்டார். கடல் சூடேறியதால் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் வெளுத்துப்போயின. புவி சூடாவதை நிறுத்தாமல் எந்த உயிரினத்தையும் காப்பாற்ற முடியாது.

2030க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாத மின்திறனை 5 லட்சம் மெகாவாட்டுக்குக் கொண்டுபோவது இந்தியாவின் இலக்கு. 2025 ஜூன் முடிவிலேயே நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி இந்த வகைக்கு வந்துவிட்டது. சரி, இதையெல்லாம் எங்கே வைப்பது, அங்கிருந்து கம்பியை எந்த வழியாக இழுப்பது? என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான். இடத்தை முதலில் பார்க்க வேண்டும், டெண்டர் அப்புறம் வர வேண்டும். இப்போது பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

கானமயில் என்பது மயிலில் ஒரு வகையா?

பெயரில்தான் மயில். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், நீண்ட வெளிர் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, நெருப்புக்கோழியைப் போல நிமிர்ந்த நடை. ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே மிகக் கனமானவற்றில் இதுவும் ஒன்று. புல்வெளியிலும் மானாவாரிக் காட்டிலும் வெட்டுக்கிளி, ஓணான், தானியம், பழம் என்று கிடைத்ததைத் தின்று வாழும். ராஜஸ்தானில் கோடாவன் என்கிறார்கள். அந்த மாநிலத்தின் பறவை அதுதான்.

ஒரு காலத்தில் தமிழ்நாடு உள்பட 11 மாநிலங்களில் இருந்தது. அதனால்தான் நமக்கு அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் மிஞ்சியது, பறவை போய்விட்டது. 1969 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1,260 இருந்தன. இப்போது காட்டில் 150க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம். குஜராத்தின் கட்ச் பகுதியில் சில பெட்டைகள் மட்டும் இருக்கின்றன, சேவல் ஒன்றுகூட இல்லை.

வேட்டையும் புல்வெளி அழிவும் தெருநாய்களும்தான் இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. மின்கம்பி பிறகு வந்தது. ஆனால் எஞ்சியிருக்கும் பறவைகளை இன்று அதிகமாகக் கொல்வது அதுதான்.

அவ்வளவு பெரிய பறவைக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியாதா?

தெரியாது. என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கண்கள் முகத்துக்கு முன்னால் இருக்கின்றன. கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. நரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் நேர் எதிரே பார்வை மிகக் குறுகல். இதன் உறவுப் பறவையான ஆப்பிரிக்காவின் கோரியை வைத்துச் செய்த ஆய்வில் ஒன்று தெரியவந்தது. பறக்கும்போது தலையைச் சற்றுக் கீழே சாய்த்தாலே, தான் போய்க்கொண்டிருக்கும் திசை அதற்கு முழுக்க மறைந்துவிடுகிறது. இரையையும் இறங்கும் இடத்தையும் தேடும் பறவை கீழேதானே பார்க்கும்? பல கோடி ஆண்டுகளாக வெட்டவெளியில் அதன் எதிரே ஒன்றும் நின்றதில்லை.

கம்பியை அது பார்த்துவிட்டாலும் 15 கிலோ உடம்பைக் கடைசி நொடியில் திருப்ப முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. உயர் மின்னழுத்த டவரின் உச்சியில், இடியைத் தாங்குவதற்காக ஒரு மெல்லிய கம்பி ஓடும். மின்சாரம் போகும் தடித்த கம்பிகள் தெரிந்து மேலே எழும்பும் பறவை, அந்த மெல்லிய கம்பியில் போய் அடிபடும்.

இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் தார் பாலைவனத்தில் 80 கிலோமீட்டர் மின்பாதையை ஓராண்டில் ஏழு முறை நடந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 40 இனங்களைச் சேர்ந்த 289 பறவைகள் செத்துக் கிடந்தன. அவற்றில் நான்கு கானமயில்கள். இதை வைத்து, ஜெய்சால்மரில் 4,200 சதுர கிலோமீட்டருக்குள் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன என்று 2018இல் கணித்தார்கள். கானமயில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18. அப்போது தார் பகுதியில் இருந்தவையே 130ஐ ஒட்டித்தான்.

பூனை இதைவிட அதிகப் பறவைகளைக் கொல்கிறதே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உண்மைதான். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடிக்குக் குறையாமல் பறவைகளைக் கொல்கின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் பூனை பிடிப்பது பெரும்பாலும் சிட்டு, தவிட்டுக்குருவி போன்றவற்றை. அவை ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். கம்பியும் காற்றாலை இறக்கையும் கொல்வது கழுகு, பாறு, கானமயில் போன்ற பெரிய பறவைகளை. கானமயில் வழக்கமாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். அந்தக் குஞ்சு பெரிதாகி முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். நூறு குருவி செத்தால் வருத்தம். கானமயிலில் ஒரு பெட்டை செத்தால் ஒரு வம்சக்கிளையே போய்விடுகிறது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

மூன்று கட்டமாகச் சொன்னது. ரஞ்சித்சிங் என்ற மூத்த காட்டுயிர் அறிஞர் 2019இல் தொடுத்த வழக்கு அது. 2021 ஏப்ரலில், கானமயில் வாழும், வாழக்கூடிய பகுதிகளில் முடிந்த இடமெல்லாம் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது நீதிமன்றம். மொத்தம் ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர். நாட்டின் சூரிய மின்திட்டங்களில் பெரும்பகுதி அங்கேதான் வர இருக்கிறது, இது நடக்காத காரியம் என்று மத்திய அரசு முறையிட்டது.

2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொதுவான ஆணையைத் தளர்த்தி, ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழ்வதும் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று அதே தீர்ப்பில்தான் சொன்னது. 2025 டிசம்பரில் அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் முதன்மைப் பகுதியாகக் குறிக்கப்பட்டன. அதற்குள் புதிய காற்றாலையும் பெரிய சோலார் பூங்காவும் வரக்கூடாது.

பரப்பு சுருங்கிவிட்டதே என்று பறவை ஆர்வலர்களில் பலருக்கு மனக்குறை. எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் 99,000 சதுர கிலோமீட்டரில் நடைமுறைக்கு வராத ஆணையைவிட, 14,000இல் உறுதியாக நிற்கும் தடை பறவைக்கு நல்லது என்றுதான் நினைக்கிறேன். அது உறுதியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கம்பியையும் புதைத்துவிட்டால் போயிற்றே?

ஊருக்குள் போகும் 11, 33 கிலோவோல்ட் கம்பிகளைப் புதைக்கலாம், பல இடங்களில் புதைக்கவும் செய்கிறார்கள். சோலார் பூங்காவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் 400, 765 கிலோவோல்ட் பாதைகள் அப்படியல்ல. செலவு பல மடங்கு, அடிக்கடி இணைப்பு வேண்டும், பழுது வந்தால் தோண்டித்தான் சரிசெய்ய வேண்டும், நீண்ட தூரத்தில் தொழில்நுட்பச் சிக்கல்களும் வரும். அதனால்தான் பெரிய பாதைகளுக்கு வழித்தடத்தை மாற்றுவதும் பல பாதைகளை ஒரே தடத்தில் சேர்த்துக் கொண்டுபோவதும் முக்கியமாகின்றன.

கம்பியில் தொங்கவிடும் டைவர்ட்டர் என்றொரு பொருளும் உண்டு. உள்ளங்கை அளவுத் தகடு, காற்றில் சுழன்று பளபளக்கும். பல பறவைகளுக்கு உதவுகிறது. ஆனால் முன்னால் பார்க்காமலே பறக்கும் பறவைக்கு அதன் பலன் குறைவு. பாலைவன வெயிலிலும் காற்றிலும் சில ஆண்டுகளில் உடைந்து விழுந்துவிட்டால் அதுவும் இல்லை.

பாலைவனம்தானே, தரிசுதானே, அங்கே என்ன இருக்கப்போகிறது?

இந்த வார்த்தைகளில்தான் பாதிக் கேடு இருக்கிறது. நம் ஊரில் தாலுகா ஆபீஸ் பதிவேட்டைப் புரட்டினால் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'மேய்க்கால் புறம்போக்கு' என்றெல்லாம் எழுதியிருக்கும். பதிவேட்டில் தரிசு. நேரில் போய் நின்றால் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர், புல்லுக்குள் முட்டையிட்ட ஆள்காட்டி, கௌதாரி, முயல், நரி, சில இடங்களில் வெளிமான். மரம் இல்லாத இடம் வெற்றிடம் என்ற எண்ணம் வெள்ளைக்காரன் வரிப்பதிவு காலத்திலிருந்து தொடர்கிறது. வரி வராத நிலம் வீண் நிலம் என்பது அவன் கணக்கு. புல்வெளி தனி வாழிடம், அதில் மரம் நட்டாலும் கெட்டுப்போகும்.

தார் பாலைவனத்தில் ஓரண் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நம் கோயில்காடு மாதிரி. தெய்வத்துக்கு விட்ட காடு, கிளை ஒடிக்கக்கூடாது, ஆனால் ஊர் ஆடுமாடுகள் மேயலாம். பல ஓரண்கள் வருவாய்ப் பதிவேட்டில் அரசுத் தரிசு என்றே இருக்கின்றன. அதனால் மின் நிறுவனங்களுக்கு ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. தங்கள் ஓரணைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஜெய்சால்மர் மக்கள் நீண்ட தூரம் நடந்தே போய் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே கேஜ்ரி என்று கொண்டாடும் மரம் வேறெதுவும் இல்லை, நம் வன்னி மரம்தான். நாம் கோயில் தலமரமாக வலம் வருகிறோம். அவர்களுக்கு அது சாப்பாடு, தீவனம், நிழல் எல்லாம். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டார்கள். அவர்களின் சந்ததியினர் சோலார் பூங்காக்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிகானேரில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். மரத்தைக் காக்க உயிர்கொடுத்த மக்களைச் 'சுற்றுச்சூழல் திட்டத்துக்கு எதிரானவர்கள்' என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குத் தாங்கமுடியாத வேதனை.

காற்றாலை இறக்கையில் அடிபடுவதைத் தவிர வேறு பாதிப்பு உண்டா?

உண்டு, அது கண்ணுக்குத் தெரியாத மாதிரி நடக்கும். மகாராஷ்டிரத்தில் சதாரா அருகே சால்கேவாடி என்ற மேட்டுநிலத்தில் நீண்டகாலமாகக் காற்றாலைகள் ஓடுகின்றன. பெங்களூரின் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் அங்கே பார்த்ததை 2018இல் வெளியிட்டார்கள். காற்றாலை இருக்கும் பகுதியில் பருந்து, வல்லூறு போன்றவை மற்ற பகுதியில் இருப்பதில் கால்பங்குதான். அவற்றுக்கு இரையான விசிறித்தொண்டை ஓணான்களோ பெருகிவிட்டன.

ஓணானுக்கு நல்லதுதானே என்று தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு கதை. பயப்படவேண்டிய அவசியம் போனதால் ஆள் மிக அருகே போகும்வரை ஓடாமல் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டம் கூடியதால் இரைக்குப் போட்டி, உடம்பு மெலிந்திருக்கிறது. ஆண் ஓணான் பெட்டையை மயக்க விரிக்கும் தொண்டை விசிறியின் நீலமும் ஆரஞ்சும்கூட மங்கிவிட்டன. வானத்தில் ஒரு பருந்து வட்டமிடாமல் போனதற்குத் தரையில் ஓர் ஓணானின் நிறம் மாறுகிறது. காற்றாலை அங்கே புலிக்குப் பதிலாக உட்கார்ந்துவிட்டது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் தடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் பெரிதில்லை. நார்வேயில் ஸ்மோலா என்ற தீவில் கடற்கழுகுகள் இறக்கையில் அடிபட்டன. 2013இல் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தார்கள். வேகமாகச் சுழலும் வெள்ளை இறக்கை பறவைக் கண்ணில் கரைந்துபோகும், ஒன்று கறுப்பானால் சுழல்வது தெரியும். அந்த நான்கிலும் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நான்கை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாதுதான், ஆனால் ஒரு டப்பா பெயின்டில் ஆரம்பிக்கும் வைத்தியம் இது.

ஸ்பெயினில் தரிஃபா பக்கம் பாறு கழுகுகள் வரும்போது ஆள் பார்த்துச் சொல்ல, அந்தக் குறிப்பிட்ட காற்றாலையை மட்டும் நிறுத்தினார்கள். சாவு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் இழந்தது 0.07 சதவீதம். வௌவால்கள் காற்று குறைவான இரவுகளில்தான் அதிகம் பறக்கும். மெல்லிய காற்றில் இறக்கையைச் சுழலவிடாமல் வைத்தாலே வௌவால் சாவு பாதிக்கு மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது படி. தவறான இடத்தில் வைத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பதைவிடச் சரியான இடத்தில் வைப்பது மேல்.

அப்படியானால் தமிழ்நாடு என்ன செய்ய வேண்டும்?

நம்மிடம் மற்ற பல மாநிலங்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1986இலேயே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலை வந்துவிட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று நல்ல காற்று அடிக்கும் இடங்களிலெல்லாம் பழைய சிறிய காற்றாலைகள் நிற்கின்றன. பல 250 கிலோவாட்டும் அதற்குக் கீழும். இன்றைய ஒரு காற்றாலை அவற்றில் பத்துக்குச் சமம். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியது வைத்தால் புதிய நிலம் தொடாமலே உற்பத்தி பெருகும். இதற்கென்று தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நிலம் பல கைகளில் பிரிந்து கிடப்பது போன்ற சிக்கல்கள் இருந்தாலும், விடாமல் செய்ய வேண்டிய வேலை இது. கூடவே, கூந்தன்குளத்துக்கு வரும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் எந்தக் குளத்திலிருந்து எந்தக் குளத்துக்குப் போகின்றன என்று பார்த்து, அந்தப் பாதையில் மட்டும் உயரமான புதிய இயந்திரங்களைத் தவிர்க்கலாம்.

இலங்கையின் மன்னார் தீவில் மக்களே காற்றாலையை எதிர்த்தார்களே, ஏன்?

மன்னார் மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வாசல். பூநாரைகளும் கரைப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் இறங்கும் இடம். பக்கத்தில் வங்காலை சரணாலயம், உலக முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ராம்சர் ஈரநிலம். அங்கே 2020 டிசம்பரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைத் திட்டம் திறக்கப்பட்டது. அதற்கு மேலும் பெரிய திட்டங்கள் வந்தபோதுதான் எதிர்ப்பு வலுத்தது. வழக்குகள் போடப்பட்டன, அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது.

மக்கள் பறவைக்காக மட்டும் பேசவில்லை. சாலையும் மேடையும் போட்டதில் மழைநீர் வடியும் வழி அடைபட்டு ஊருக்குள் தண்ணீர் நிற்கிறது, மீன்பாடு குறைகிறது என்றார்கள். சின்னத் தீவில் மனிதரின் இடத்தையும் பறவையின் இடத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

நீர்மின்சாரம் சுத்தமானதுதானே?

புகை வராது, உண்மை. ஆனால் காட்டை மூழ்கடிக்கும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் வரவிருந்த அணை கைவிடப்பட்டு 1984இல் தேசியப் பூங்கா ஆனதால்தான் அங்கே சோலைமந்திகள் இன்றும் இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கமாட்டார்களா?

சூரிய மின்தகட்டுத் திட்டத்துக்கும் காற்றாலைக்கும் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. வனநிலமாக இருந்தால் தனி அனுமதி உண்டு. மற்றபடி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்கூடக் கட்டாயமில்லை. பத்து ஏக்கர் திட்டத்துக்கு இது சரி. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வீதம் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கும் பூங்காவுக்கு ஒரு பருவமாவது அங்கே என்ன வாழ்கிறது என்று பார்க்கவேண்டாமா? ஓராண்டு தாமதமாகும் என்பார்கள். வழக்கில் மாட்டினால் எத்தனை ஆண்டு போகிறது என்பதை கானமயில் வழக்கே காட்டிவிட்டது.

கூண்டில் வளர்த்துப் பெருக்கிவிட முடியாதா?

முயற்சி நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஜெய்சால்மர் மாவட்டத்தில் 2019இல் தொடங்கிய பெருக்க மையங்களில் எண்ணிக்கை 40ஐத் தாண்டிவிட்டது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாக ஒரு குஞ்சு பொரித்தது. கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் அதை வெளியே விடும் நாளில் கம்பியில்லாத வானம் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

என்னைப் போன்றவர் என்ன செய்யலாம்?

சொந்த மாடி இருந்தால் சோலார் போடுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மாடியில் தயாராகும் மின்சாரத்துக்குப் புல்வெளியும் வேண்டாம், புதிய டவரும் வேண்டாம்.

இன்னொன்று, கம்பத்தடியைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில், 11 கிலோவோல்ட் கம்பத்துக்குக் கீழே ஓர் ஆண் மயில் கிடந்தது. ஒரு கால் விரல்கள் கருகியிருந்தன, இறகு தீய்ந்த வாடை. குறுக்கு இரும்பில் உட்கார்ந்து இறக்கையை விரித்தபோது கம்பியில் பட்டிருக்கிறது. பிள்ளைகள் தோகை பொறுக்க வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அதே கம்பத்தடியில் இன்னொன்று.

இப்படி எதையாவது பார்த்தால் தொடவேண்டாம். போட்டோ எடுங்கள், தேதியையும் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள். பறவைகள் சாகின்றன என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நகரமாட்டார்கள். எந்தக் கம்பம், எந்தத் தேதி, எத்தனை பறவை என்று தாளில் இருந்தால் லைன்மேன் ஏணியோடு வந்து நிற்பார். எங்கள் குளத்தங்கரைக் கம்பத்தில் இப்போது கம்பிக்கு ரப்பர் உறை மாட்டியிருக்கிறது. மயில்கள் இன்னமும் அதன்மேல்தான் வந்து உட்காருகின்றன.